கொக்கலவில் எஞ்சிய வீடு

காலியிலிருந்து மாத்தறைக்குச் செல்லும் கரையோர வீதியில் உள்ளது கொக்கல. சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்கிரமசிங்க 1890 மே 29 இல் அங்கேதான் பிறந்தார். அவரது குடும்ப வீடு இன்று நூதனசாலையொன்றின் பகுதியாகப் பேணப்படுகின்றது. அவ்வீடு எஞ்சியதே ஓர் அதிசயமாகும்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானிய விமானப்படை கொக்கலவில் தளம் அமைத்தது. நீரில் இறங்கும் விமானங்களுக்கு அங்குள்ள வாவி வசதியாயிருந்தது. 1942 ஏப்ரல் 4 இல், இலங்கையை நெருங்கிய ஜப்பானியக் கடற்படையைக் கண்டறிந்த விமானமும் அங்கிருந்து புறப்பட்டதே. வரலாற்று நூல்கள் இதனை விரிவாகக் கூறுகின்றன. தளத்துக்காக வெளியேற்றப்பட்ட கிராமத்தவரையோ, இடிக்கப்பட்ட அவர்தம் வீடுகளையோ அவை அவ்வளவாகப் பேசுவதில்லை. விக்கிரமசிங்கவின் வீடு மட்டும் இடிபடாமல் தப்பியது.

அவர் 1976 இல் மறைந்தார். வீட்டைச் சூழ்ந்த நிலத்தில் 1981 இல் நாட்டார் கலாசார நூதனசாலை திறக்கப்பட்டது. உழவுக் கருவிகள், மட்பாண்டங்கள், மாட்டுவண்டிகள், முகமூடிகள், பொம்மலாட்டப் பாவைகள் எனச் சாதாரண மக்கள் கையாண்ட பொருட்களே அங்கு வைக்கப்பட்டுள்ளன.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழருக்கும், அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கும் இக்கதையை நாம் விளக்க வேண்டியதில்லை. திரும்பிச் சென்றோரிற் பலர் கண்டவை அத்திவாரமும் கிணறுமே. எனினும், சுவர்களுடன் நிற்கும் பழைய வீடுகள் ஆங்காங்கே உள்ளன. உரிமையாளரின் சம்மதத்துடன் ஊருக்கு ஒன்றையேனும் திருத்தி, அவ்வூரவரின் உரலையும் பெட்டகத்தையும் பழைய காணி உறுதிகளையும் அங்கு பாதுகாக்கப் பிரதேச சபைகள் முன்வர வேண்டும். மழைக்குக் கூரை போடுவதிலிருந்தாவது அவை தொடங்கட்டும்.