எந்தக் கொடுமைக்கு எத்தனை ஆண்டு கெடு?

அமெரிக்காவில் பதின்ம வயதினரைத் திருத்தித் தருவதாகச் சொல்லும் உறைவிடச் சிகிச்சை மையங்கள் ஒரு பெருந்தொழில். சிகிச்சைப் பள்ளி, மனநல மையம், வனாந்தர முகாம் என்று பெயர்கள் பல. பெற்றோர் பணம் கட்டி அனுப்பும் பிள்ளைகளும் அங்கே உண்டு. நீதிமன்றமோ குழந்தைகள் நலத் துறையோ கொண்டுபோய் விடும் பிள்ளைகளும் உண்டு. உள்ளே நடப்பதைப் பற்றி 2007இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு அறிக்கை அளித்தது. 2005ஆம் ஆண்டில் மட்டும் 33 மாநிலங்களில் 1,619 ஊழியர்கள் துன்புறுத்தல் சம்பவங்களில் தொடர்புபட்டிருந்தார்கள் என்றது அது. அங்கிருந்து வெளியே வந்து, வளர்ந்து, இன்று நீதி கேட்பவர்களுக்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வழிகள் பெரும்பாலும் ஒரே வகைக் கொடுமையை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. இந்த மையங்களுக்கே உரிய மற்ற கொடுமைகளைச் சட்டம் இன்னும் சாலை விபத்துக் காயத்தைப் போலத்தான் நடத்துகிறது.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களின் நிலை கடந்த சில ஆண்டுகளில் வெகுவாக மாறியிருக்கிறது. 2020இல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டம், காலாவதியான பழைய வழக்குகளையும் தொடர மூன்றாண்டு அவகாசம் தந்தது. மேரிலாந்து 2023இல் கால வரம்பையே நீக்கியது. கலிபோர்னியச் சட்டத்தின் விளைவாக லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி தன் சிறார் காப்பகங்களிலும் தடுப்பு மையங்களிலும் நடந்தவற்றுக்காக 2025இல் 400 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. வழக்குத் தொடர்ந்தவர்கள் 6,800க்கும் மேல். சேர்க்கையின்போது பெற்றோர் கையெழுத்திடும் ஒப்பந்தங்களில், தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் தனியார் நடுவரிடமே போக வேண்டும் என்ற விதி இருப்பதுண்டு. பாலியல் தாக்குதல் வழக்குகளில் அந்த விதியைக் கொண்டு கட்டாயப்படுத்த முடியாதபடி 2022இல் கூட்டாட்சிச் சட்டம் வந்தது.

இனி அடுத்த பிள்ளையைப் பாருங்கள். நாட்கணக்கில் தனியறையில் அடைக்கப்பட்டவன். நாலைந்து பேர் தரையில் அமுக்கிப் பிடித்ததில் எலும்பு முறிந்தவன். அடங்கியிருக்க வேண்டும் என்பதற்காகவே மாத்திரை கொடுக்கப்பட்டவன். மேற்சொன்ன சலுகைகளில் ஒன்றும் இவனுக்கு இல்லை. கலிபோர்னியாவில் சாதாரண உடற்காய வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டு. 18 வயதிலிருந்து எண்ணினாலும் 20ஆவது பிறந்தநாளோடு பொதுவாகக் கதவு மூடிவிடும். அந்த வயதில் பலர் அதே பெற்றோரை நம்பித்தான் வாழ்கிறார்கள். நடந்தது சிகிச்சையல்ல, குற்றம் என்று தெரிந்துகொள்ளவே பலருக்கு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுக்குப் போகும் கடிதத்தைப் பிரித்துப் படித்து, புகார் சொன்னால் 'ஏமாற்றுகிறான்' என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கும் இடத்தில் பேசாதிருக்கக் கற்றவர்கள் அவர்கள். அந்த மௌனத்தை உண்டாக்கியவர்களுக்கே அதன் பலன் போய்ச் சேருகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த பிரச்சினையும் அல்ல. யூட்டாவின் ப்ரோவோ கேன்யன் பள்ளியில் கடிதத் தணிக்கை, தனிமை அறை, உடல் பலப் பிரயோகம், பொய் கண்டறியும் சோதனை ஆகியவற்றுக்கு விதித்த தடையை 1982இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. பிற மாநில அரசுகள் பிள்ளைகளை அனுப்பிப் பணமும் கட்டியதால், தனியார் பள்ளியானாலும் அரசியல் சாசன உரிமைகளுக்குக் கட்டுப்பட்டது என்றது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம், மாசசூசெட்ஸ் பள்ளி ஒன்றின் ஊழியர்கள் தொடுத்த வழக்கில், வருமானம் ஏறக்குறைய முழுவதும் அரசுப் பணமாக இருந்தாலும் அது அரசின் அங்கமாகாது என்று தீர்ப்பளித்தது. பிற்கால நீதிமன்றங்கள் இந்தத் தீர்ப்பையே மாணவர் வழக்குகளிலும் பிடித்துக்கொண்டன. 2021இல் தொலைக்காட்சிப் பிரபலம் பாரிஸ் ஹில்டன் யூட்டா சட்டமன்றக் குழு முன் சாட்சியம் சொன்னது இதே ப்ரோவோ கேன்யனில் 1990களில் தனக்கு நேர்ந்ததைப் பற்றித்தான். யூட்டாவில் பழைய வழக்குகளுக்கு உயிர் கொடுக்கவும் வழியில்லை: காலாவதியான வழக்கைப் புதுப்பிக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று யூட்டா உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது.

ஒரு சந்து மிச்சம் இருக்கிறது. சிகிச்சை என்ற பெயரில் கட்டாய வேலை வாங்கப்பட்டவர்கள், ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் 18 வயதுக்குப் பின் பத்தாண்டு வரை வழக்குத் தொடரலாம். 2022 செப்டம்பரில் கெடு முடியாமல் இருந்த சில வழக்குகளுக்கு இன்னொரு கூட்டாட்சிச் சட்டம் வரம்பையே எடுத்துவிட்டது. வழக்கறிஞர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் தனியறையில் அடைபட்டவன், பாத்திரம் தேய்த்த கதையைச் சொல்லித்தான் நீதிமன்றத்துக்குள் நுழைய முடியும் என்பது என்ன நியாயம்?

கெடுவை எல்லோருக்கும் நீட்டினால் பொய் வழக்கு பெருகும் என்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் பணம் வாங்கிக்கொண்டு சிலர் வழக்குப் போட்டதாக 2025இல் செய்தி வெளியானது உண்மை. அதைத் தடுக்க ஒவ்வொரு கோரிக்கையையும் கறாராகச் சரிபார்க்க வேண்டும். கெடு பொய்யனையும் மெய்யனையும் பிரித்துப் பார்ப்பதில்லை. சாட்சியங்கள் அழிந்துவிடும் என்ற வாதத்துக்குக் கனம் அதிகம். ஆனால் நிரூபிக்கும் சுமை வழக்குத் தொடுப்பவர் மேல்தான். சாட்சியம் அழிந்தால் முதலில் தோற்பவர் அவர். தவிர, தனியறையில் அடைத்த நேரமும் மாத்திரை கொடுத்த அளவும் மையத்தின் பதிவேட்டில்தான் இருக்கும். பாலியல் கொடுமையைவிட இவற்றை நிரூபிப்பது சில வேளைகளில் எளிது. பெற்றோர் சம்மதித்தார்களே என்றால், சிகிச்சைக்குத்தான் அவர்கள் கையெழுத்திட்டார்கள். கஜானா தாங்காது என்ற கவலைக்கு மேரிலாந்து 2025இல் இழப்பீட்டின் உச்சவரம்பைக் குறைத்தது. அதில் எனக்கு உடன்பாடில்லை. என்றாலும் கதவை மூடுவதைவிட அது மேல்.

2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் இந்த மையங்களைப் பற்றி ஆய்வு செய்யச் சொல்கிறது. வழக்குத் தொடரும் உரிமை எதையும் தரவில்லை. மாநிலங்கள்தான் இதைச் சரிசெய்ய வேண்டும்: கெடு நீட்டிப்பை மூடிய மையத்துக்குள் நடந்த எல்லாக் கொடுமைக்கும் பொதுவாக்க வேண்டும். அதுவரை, பாதிக்கப்பட்டவர்கள் கெடு முடிந்துவிட்டது என்று தாமாக முடிவுகட்ட வேண்டாம். தங்கள் சிகிச்சைப் பதிவேடுகளை இன்றே எழுத்து மூலம் கேட்டு வாங்கிவிட்டு, மையம் இருந்த மாநிலத்தின் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.