அடிச்சத்தத்தை வடிகட்டும் ஹை-பாஸ் பில்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் பாட்டுக் கேட்பதோடு நின்றுவிட வேண்டியதில்லை. இசை அமைத்தும் பார்க்கலாம். அப்படி முயல்பவர்களுக்கு வரும் முதல் தலைவலி இதுதான். லேப்டாப்பில் தெளிவாகக் கேட்ட டியூன், நண்பர் வீட்டுப் பெரிய ஸ்பீக்கரில் 'கும்' என்று ஒரே இரைச்சலாகக் கேட்கும். காரணம் என்ன?

சிறிய ஸ்பீக்கர்களால் தாழ்ந்த ஒலிகளைச் சரியாக எழுப்ப முடியாது. நமக்குக் கேட்கவில்லையே தவிர, அவை பைலில் இருக்கத்தான் செய்கின்றன. பல வாத்தியங்களின் அடிச்சத்தம் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேரும்போது குழப்பம் உண்டாகிறது.

பில்டர் என்ன செய்கிறது?

ஹை-பாஸ் பில்டர் உயர்ந்த அதிர்வெண்களைச் செல்லவிட்டு, தாழ்ந்தவற்றைக் குறைக்கும். எந்த இடத்திலிருந்து குறைக்க வேண்டும் என்பதை அமைப்பது 'கட்-ஆப்' குமிழ். 1970ல் வந்த மினிமூக் சிந்தசைசரில் லோ-பாஸ் பில்டர் மட்டுமே இருந்தது. 1978ல் வந்த கோர்க் எம்எஸ்-20 இரண்டையும் தந்தது. இதன் ஹை-பாஸ் பில்டர் ஆக்டேவுக்கு 6 டெசிபல் குறைக்கும். கட்-ஆப் 200 ஹெர்ட்ஸ் என்றால், 100 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழப் பாதியாகும். 50 ஹெர்ட்ஸ் கால்பங்காகும். அதாவது ஒலி சட்டென்று நிற்காது, படிப்படியாகக் குறையும்.

செய்து பார்ப்போமா?

அனலாக் சிந்தசைசர் விலை அதிகம். அதே அமைப்பைத் திரையில் தரும் 'விசிவி ராக்' என்ற புரோகிராமின் இலவசப் பதிப்பு நமக்குப் போதும்.

1. அதன் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள்.

2. மிடி பகுதியில் கம்ப்யூட்டர் கீபோர்டையும், ஆடியோ பகுதியில் உங்கள் சவுண்ட் கார்டையும் தேர்ந்தெடுங்கள்.

3. விசிஓவின் 'சா' அவுட்புட்டை, பில்டரான விசிஎப்பின் இன்புட்டில் இணையுங்கள். அதன் எச்பிஎப் அவுட்புட்டை மிக்சருக்குக் கொடுங்கள்.

4. ஒரு கீயை அழுத்தியபடி கட்-ஆப் குமிழை மெதுவாக வலப்புறம் திருப்புங்கள்.

ஒலி மெலிந்துகொண்டே போகும். ஆனால் சுருதி மாறாது. 110 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தில் 220, 330, 440 என்று மேல் ஒலிகளும் கலந்திருக்கின்றன. அடி ஒலி மறைந்தாலும், இவற்றை வைத்தே நம் காது சுருதியைக் கண்டுகொள்கிறது. எனவே பயமின்றி அடிச்சத்தத்தைக் குறைக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

பாஸ், டிரம் ஆகியவற்றின் அடிச்சத்தத்தை விட்டுவிட்டு, மற்ற வாத்தியங்களில் இதைப் பயன்படுத்துங்கள். ஒலி மெலியத் தொடங்கியதும் குமிழைச் சற்றுப் பின்னால் திருப்பி நிறுத்துங்கள். ஒரு வாத்தியத்தைத் தனியாகக் கேட்டு முடிவு செய்யாமல், எல்லாவற்றையும் சேர்த்து ஹெட்போனில் கேளுங்கள். 'ரெசனன்ஸ்' குமிழைக் கூட்டினால் கட்-ஆப்பை ஒட்டிய ஒலி திடீரென்று உயரும். அதைத் தொடும் முன் வால்யூமைக் குறைத்துவிடுங்கள். காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நல்லது.