ஒரே பாறை, இரு மண்

மகாராஷ்டிரத்துப் பஞ்சகணியில், மேசைபோல் தட்டையான குன்றொன்றின் உச்சியில் ஒருமுறை நின்றேன். காலடியில் சிவந்து இறுகிய செம்புரைக்கல். மலையிறங்கிக் கிழக்கே சோலாப்பூர்ப் பக்கம் சென்றேன். அங்கே சோளம் விளையும் கரிசல். இவ்விரண்டிற்கும் தாய்ப்பாறை ஒன்றே: ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட்டுப் பாறை.

பின் மண் வேறுபட்டது எவ்வாறு? வெப்பமும் பெருமழையும் நெடுங்காலம் நிலவிய இடத்தில், நீர் பாறையிலிருந்த சுண்ணாம்புச் சத்தையும் சிலிக்காவையும் கரைத்துக்கொண்டு போயிற்று. எஞ்சிய இரும்பும் அலுமினியமும் துருப்போலச் சிவந்து ஓடாக இறுகின. அவ்வோடே குன்றின் தலை தேயாமல் காத்து நிற்கிறது. மழை குன்றிய கிழக்கிலோ, கரைந்த சத்துக்கள் முற்றும் வெளியேறாமல் தங்கிக் களிமண்ணாயின. அக்களி மழையில் வீங்கும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரத்தை நெடுநாள் பிடித்துவைப்பதால், மழை நின்ற பின்னும் பயிர் வளர்கிறது.

ஒரு விரற்கடை மண் உண்டாகப் பல நூற்றாண்டுகள் வேண்டும். சரிவில் மரங்களை அழித்து உழுதால், சில ஆண்டு மழையே அதனை அடித்துச் சென்றுவிடும். வரப்பு உயர்த்தும் உழவன், யுகங்களின் உழைப்பையே காக்கிறான் என்பேன்.