டாங்கி சஸ்பென்ஷன்: கூடுதல் விலைக்கு ஏற்ற பயன் உண்டா?

துப்பாக்கியின் பின்னுதைப்பைத் தாங்கும் பஃபர், ரயில் பெட்டிகளுக்கு இடையே உள்ள பஃபர், இருசக்கர வாகனத்தின் ஷாக் அப்சார்பர் ஆகிய அனைத்தும் செய்யும் வேலை ஒன்றுதான். திடீரென வரும் அதிர்ச்சியைச் சிறிது நேரத்திற்குப் பரப்பி, அதன் வேகத்தைக் குறைக்கின்றன. இவற்றில் சாதாரண வகையும் உண்டு, விலை உயர்ந்த வகையும் உண்டு. விலை உயர்ந்ததை வாங்குவது எப்போது பொருத்தம் என்ற கேள்விக்குச் சென்னையின் மேற்குப் புறநகரான ஆவடியில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உள்ளது.

ஆவடியும் டாங்கிகளும்

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் நிறுவப்பட்டது. 1960-களின் நடுவில் இங்கு விஜயந்தா டாங்கி உற்பத்தி தொடங்கியது. பின்னர் ரஷ்ய வடிவமைப்பிலான டி-72 (அஜேயா), டி-90 (பீஷ்மா) ஆகியவையும் இங்கு உருவாயின. இந்த மூன்றும் முறுக்குத் தண்டு (டார்ஷன் பார்) சஸ்பென்ஷனைக் கொண்டவை. அருகிலேயே இயங்கும் போர் வாகன ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் வடிவமைத்த அர்ஜுன் டாங்கியில் மட்டும் ஹைட்ரோ நியூமேட்டிக் சஸ்பென்ஷன் பயன்படுத்தப்பட்டது. ஆக, ஒரே ஊரில் இரண்டு வழிமுறைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

இரண்டும் இயங்கும் விதம்

முறுக்குத் தண்டு என்பது டாங்கியின் அடித்தளத்தில் குறுக்காகக் கிடக்கும் எஃகுக் கம்பி. அதன் ஒரு முனை வண்டியின் உடலோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். மறு முனை சக்கரத்தைத் தாங்கும் கையோடு இணைந்திருக்கும். சக்கரம் மேட்டில் ஏறும்போது கம்பி முறுக்கிக்கொள்கிறது; இறங்கும்போது பழைய நிலைக்குத் திரும்புகிறது. அமைப்பு எளிது, செலவு குறைவு. கசிவதற்கு எண்ணெயோ வாயுவோ இதில் இல்லை.

ஹைட்ரோ நியூமேட்டிக் முறையில், சக்கரத்தின் கை ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் எண்ணெயை அழுத்த, எண்ணெய் நைட்ரஜன் வாயுவை அழுத்துகிறது. இங்கு வாயுவே ஸ்பிரிங். எண்ணெய் சிறு துளைகள் வழியாகச் செல்வதால் அதிர்வும் அடங்குகிறது. வாயுவை அழுத்த அழுத்த அதன் எதிர்ப்பு வேகமாகக் கூடும். ஆகவே சிறு மேடுபள்ளங்களில் மென்மையாகவும், பெரிய பள்ளங்களில் கடினமாகவும் இது இயங்குகிறது.

எடைக் கணக்கு

டி-72 சுமார் 41.5 டன் எடை உள்ளது. பக்கத்திற்கு 6 வீதம் 12 சக்கரங்கள். ஒரு சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 3.5 டன் இறங்குகிறது. அர்ஜுனின் எடை 58.5 டன், 14 சக்கரங்கள் என்பதால் ஒன்றுக்கு 4.2 டன். சுமார் 68 டன் எடையுள்ள அர்ஜுன் மார்க்-1ஏ-இல் இது 4.9 டன்னாகிறது. ஓடும்போது இந்தச் சுமை பல மடங்காகும். உள்ளே இருக்கும் வீரர்களின் களைப்பும், ஓடிக்கொண்டே குறிபார்க்கும் துல்லியமும் சஸ்பென்ஷனைப் பொறுத்தே அமைகின்றன.

கூடுதல் செலவுக்குக் கிடைப்பவை

முறுக்குத் தண்டுகள் அடித்தளத்தில் இடத்தை அடைத்துக்கொள்வதால் டாங்கியின் உயரம் கூடுகிறது. ஹைட்ரோ நியூமேட்டிக் அலகுகளை வெளிப்பக்கத்தில் பொருத்தலாம். ஒன்று பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கண்ணிவெடியில் அடித்தளம் நெளிந்துவிட்டால், முறுக்குத் தண்டை உருவி எடுப்பதே பெரும்பாடு.

குறைகளும் உள்ளன. நுட்பமாகக் கடையப்பட்ட உருளைகள், தரமான சீல்கள், வாயு நிரப்பும் கருவிகள், பயிற்சி பெற்ற பணியாளர்கள் ஆகிய அனைத்தும் தேவை. வெப்பநிலையும் பாதிக்கும். 20 டிகிரி செல்சியஸில் நிரப்பிய வாயு 50 டிகிரியை அடையும்போது, கொள்ளளவு மாறாதிருந்தால் அழுத்தம் சுமார் 10 சதவீதம் உயரும். ராஜஸ்தான் பாலைவனத்தில் ஓடும் வண்டிக்கு இது புறக்கணிக்கக்கூடியதல்ல.

எடை கூடினாலே விலை உயர்ந்த முறைதான் வேண்டும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஏப்ராம்ஸ், ஜெர்மனியின் லெப்பர்ட்-2 ஆகியவை 60 டன்னைத் தாண்டியும் முறுக்குத் தண்டுகளிலேயே ஓடுகின்றன. தரமான எஃகும் நல்ல அதிர்வடக்கிகளும் அங்கு போதுமானவையாக உள்ளன. பிரிட்டனின் சேலஞ்சர், பிரான்சின் லெக்லர்க் ஆகியவை வாயு முறையைத் தேர்ந்தெடுத்தன.

முடிவு

புதிதாக வடிவமைக்கும் கனமான டாங்கிக்குக் கூடுதல் செலவு பொருத்தமானதே. உயரம் குறைகிறது, ஓட்டம் மென்மையாகிறது, பழுதுபார்ப்பு எளிதாகிறது. ஏற்கெனவே பெரும் எண்ணிக்கையில் உள்ள டி-72 போன்றவற்றில் முழு அமைப்பையும் மாற்றுவது அப்படியல்ல. வண்டியின் உடலையே திருத்த வேண்டிவரும். உதிரிபாகக் கிடங்கும் பயிற்சியும் புதிதாகத் தேவைப்படும். அங்கு அதிர்வடக்கிகளையும் தண்டின் எஃகையும் மேம்படுத்துவதே குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும்.

எந்த மேம்பாட்டையும் வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இப்போதுள்ள பாகம் உண்மையில் போதவில்லையா? புதியது பழுதானால் களத்தில் யார் சரிசெய்வார்? அதே பணத்தை வேறு பாகத்தில் செலவிட்டால் அதிகப் பயன் கிடைக்குமா? டாங்கிக்குப் பொருந்தும் இக்கேள்விகள் துப்பாக்கி பஃபருக்கும், வீட்டு வாசலில் நிற்கும் இருசக்கர வாகனத்திற்கும் பொருந்தும்.