புயல் முகாமில் மக்கள் தொண்டு

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வந்துவிட்டால் நம் கடற்கரை மாவட்டங்களில் வாழும் குடியானவரின் ஒரு கண் வயலிலும் மற்றொரு கண் வானத்திலுமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை பயிருக்கு உயிர் தருகிறது. அம்மழையோடு வரும் புயலோ சில மணி நேரத்தில் ஊரையே நிலைகுலையச் செய்துவிடுகிறது. 1977-ஆம் ஆண்டுப் புயலை நாகை வட்டாரத்து முதியோர் மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையை இளையோரும் மறக்கவில்லை. இத்தகைய வேளைகளில் வீடிழந்தோர் பள்ளிகளிலும், சமுதாயக் கூடங்களிலும், பேரிடர் மையங்களிலும் தங்க நேரிடுகிறது. அங்கே பணி செய்ய வேண்டியவர் யார்? அரசு அலுவலரா, வெளியூர்த் தொண்டரா, முகாமில் தங்கியிருப்பவரா? இக்கேள்விக்கு அனுபவத்தில் நான் கண்ட விடையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கஜா புயல் கற்பித்த பாடம்

2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கு முன்னதாகவே சுமார் 80,000 பேர் முகாம்களில் சேர்க்கப்பட்டதால் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன. ஆயினும் பொழுது விடிந்தபோது நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் முறிந்து விழுந்திருந்தன. சாலைகளை மரங்கள் அடைத்துக்கொண்டன. உட்கிராமங்களுக்கு லாரி செல்ல வழியில்லை, தொலைபேசியும் பயன்படவில்லை.

அந்நாளில் நான் டெல்டாப் பகுதியில் ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் பணியாற்றி வந்தேன். விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி நடந்து, ஒரு பள்ளி முகாமை நண்பகலில்தான் அடைய முடிந்தது. சுமார் 300 பேர் அங்கே இருந்தனர். அரிசி இருந்தது, ஆனால் அடுப்பு மூட்டப்படவில்லை. ஆழ்குழாய்க் கிணறு இருந்தது, ஆனால் மோட்டாருக்கு மின்சாரம் இல்லை. கழிவறைகள் இரண்டும் நிரம்பிவிட்டன. அதிகாரி வரட்டும் என்று அனைவரும் காத்திருந்தனர். நானோ வெறுங்கையுடன் வந்திருந்தேன்.

வேறு வழி தோன்றாமல், "சமைக்கத் தெரிந்தவர்கள் யார்?" என்று கேட்டேன். பன்னிரண்டு பேர் எழுந்தனர். கைப்பம்பு பழுது பார்ப்பவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பெயர்ப் பதிவேடு எழுத முன்வந்தார். இளைஞர்கள் அரிவாளும் கோடரியும் தேடிக் கொணர்ந்து சாலையை வெட்டித் திறக்கப் புறப்பட்டனர். மாலைக்குள் அனைவருக்கும் சோறு கிடைத்தது. கோடரி ஏந்தியவர்களுள் ஒருவரின் வீட்டுக் கூரை முழுவதும் பறந்து போயிருந்தது. அவர் என்னிடம், "சும்மா உட்கார்ந்தால் கூரைதான் கண்ணில் நிற்கிறது ஐயா. கை ஓடினால் மனம் கொஞ்சம் ஆறுகிறது" என்றார். உதவி பெறுபவர் என்று நாம் எண்ணியிருந்தவரே உதவி செய்பவராகவும் இருக்க முடியும் என்பதை அன்று உணர்ந்தேன்.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய அனுபவம் அன்று. 1995 ஜனவரி 17-ஆம் நாள் ஜப்பானில் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியபோது 3 லட்சத்திற்கும் மேற்பட்டோர் பள்ளிகளிலும் பொதுக் கட்டிடங்களிலும் தஞ்சம் புகுந்தனர். வெளியூர்களிலிருந்து பெருந்திரளாகத் தொண்டர்கள் வந்து உதவினர். ஆயினும் பல முகாம்களில் தங்கியிருந்தோரே தமக்குள் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, உணவு பகிர்வதையும் தூய்மையையும் கவனித்துக்கொண்டனர். வெளியார் உதவி வந்து சேரும்வரை நம்மோடிருப்பது நம் கைகளே என்பதை அங்கும் கண்டனர்.

தேவை எவ்வளவு?

தொண்டு செய்வதற்கு ஆர்வம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் முகாம்களுக்குக் குறைந்தபட்ச அளவுகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 38 சதுர அடி இடம், நாளொன்றுக்குக் குடிக்க 3 லிட்டர் நீர், 30 பேருக்கு ஒரு கழிவறை என்பன அவற்றுள் சில. இதன்படி, 20 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள வகுப்பறையில் பத்துப் பேர்தான் தங்கலாம். 300 பேருக்கு நாள்தோறும் 900 லிட்டர் குடிநீரும் 10 கழிவறைகளும் வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை கழிவறைகள் உள்ளன என்பதை இன்றே எண்ணிப் பாருங்கள்.

பணிகளைப் பகிர்தல்

முதற்பணி பதிவேடு எழுதுவது. குடும்பத்தலைவர் பெயர் மட்டுமன்றி, கருவுற்ற பெண்கள், கைக்குழந்தைகள், நாள்தோறும் மருந்து உண்போர், ஊனமுற்றோர் ஆகியோரின் விவரமும் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது சமையல். சத்துணவு மையத்தின் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தலாம். மூன்றாவது குடிநீர். தெளிந்த நீர் 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைத் தனியே ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த கரைசலை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்த வேண்டும். நீண்டநாள் திறந்து கிடந்த பவுடர் வீரியமற்றது. நான்காவது தூய்மை. கழிவறை குடிநீர் ஊற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும். பெண்களுக்குத் தனி வழியும் இரவில் விளக்கும் தேவை. ஐந்தாவது நோயாளரைக் கவனித்தல். வயிற்றுப்போக்குக் கண்டால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகக் கொடுத்துவர வேண்டும். பாம்பு கடித்தவரைச் சிறிதும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஆறாவது இரவுக் காவல். ஊரில் விட்டுவந்த வீடுகளையும் கால்நடைகளையும் முறைவைத்துப் பார்த்துவர ஆளிருந்தால் மற்றவர்கள் நிம்மதியாக உறங்குவார்கள்.

கவனிக்க வேண்டியவை

இப்பணிகளைப் பகிரும்போது பழைய வேற்றுமைகள் முகாமுக்குள் நுழைய இடம் தரலாகாது. கழிவறை கழுவுவது ஒரு தெருவாருக்கு உரியது, பந்தியில் முதலில் அமர்வது மற்றொரு தெருவாருக்கு உரியது என்னும் நிலை ஏற்படுமாயின், அது தொண்டன்று, கொடுமை. தூய்மைப் பணி அனைத்துக் குடும்பங்களுக்கும் முறைவைத்து வர வேண்டும். ஊராட்சி உறுப்பினர் முதல் நாளே துடைப்பத்தைக் கையில் எடுத்தால் மற்றவர்கள் தயங்கமாட்டார்கள். அடுப்படி முழுவதையும் பெண்கள் தலையிலேயே சுமத்துவதும் நன்றன்று. துயரில் இருப்போரையும் நோயுற்றோரையும் வற்புறுத்தக் கூடாது.

இன்னொரு செய்தியை வருத்தத்துடன் கூறுகிறேன். மேற்சொன்ன முகாமில் ஐந்து நாட்கள் இடைவிடாது சமைத்த அம்மையார் ஒருவர் இருந்தார். சேதக் கணக்கெடுப்புக் குழு அவருடைய தெருவுக்குச் சென்றபோது அவர் அடுப்படியில் இருந்தார். பூட்டிக் கிடந்த வீட்டைக் கடந்து குழு சென்றுவிட்டது; பட்டியலில் அவர் பெயர் விடுபட்டது. ஊருக்கெல்லாம் சோறிட்டவர் நிவாரணத்திற்காகப் பல வாரங்கள் அலைய நேர்ந்தது. அவர் பெயர் பின்னர் சேர்க்கப்பட்டது என்றாலும், தவறு எங்களுடையதே. முகாமில் தொண்டு செய்வோரின் வீடுகளைத் தனிப் பட்டியலிட்டுக் கணக்கெடுப்புக் குழுவிடம் முதலிலேயே கொடுத்திருக்க வேண்டும். அக்குழு வரும் நாளில் அவர்களுக்கு ஓய்வும் தந்திருக்க வேண்டும். அதன்பின் நான் பணியாற்றிய இடங்களில் எல்லாம் இதைத் தவறாது செய்து வருகிறேன். நீங்களும் மறவாதிருக்க வேண்டுகிறேன்.

இன்றே தொடங்குவோம்

புயல் வந்தபின் ஆள் தேடுவது, நீர் வந்தபின் கரை போடுவது போன்றதாகும். பருவமழைக்கு முன்பாக அக்டோபர் 2-ஆம் நாள் கூடும் கிராம சபையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சமைப்போர், பம்பு பழுது பார்ப்போர், மரம் அறுப்போர், செவிலியர் பயிற்சி பெற்றோர், படகு ஓட்டுவோர் ஆகியோரின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பணிக்கும் இருவர் பெயர் இருக்கட்டும். ஒருவருக்கு இயலாதபோது மற்றவர் நிற்பார். ஆம்புலன்சுக்கு 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்களைப் பள்ளிச் சுவரில் எழுதி வையுங்கள்.

அரசின் உதவி நிச்சயம் வரும். அதைக் கொண்டு சேர்ப்பது எங்கள் கடமை. அது வந்து சேரும்வரை ஓர் ஊர் தன்னைத் தானே தாங்கி நிற்பதற்கு, ஒரு தாளில் எழுதிய சில பெயர்கள் போதும்.