விற்றவருக்குத் தண்டனை, பிள்ளைக்குச் சிகிச்சை

பள்ளிப் பிள்ளைகளின் போதைப் பழக்கம் என்றதும் நாம் கஞ்சாவைத்தான் நினைக்கிறோம். பலருக்குத் தொடக்கம் வேறு. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்ளும் கூல் லிப் புகையிலை, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர், சீட்டில்லாமல் கள்ளத்தனமாகக் கைமாறும் வலி மாத்திரை என்று கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பவற்றில்தான் பழக்கம் பிடிக்கிறது. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், முகர்ந்து ஏற்றும் போதை மட்டும் பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்தது. பெரியவர்களில் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 1.17 விழுக்காடு.

சொல்யூஷனும் தின்னரும் மலிவானவை என்பதால் ஆபத்து குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. அந்த ஆவி இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். முதல் தடவையிலேயே உயிர் போகலாம். முகர்ந்த நிலையில் திடுக்கிட்டாலோ, பயந்து ஓடினாலோ ஆபத்து கூடும். ஆகவே அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள், கை ஓங்காதீர்கள். மெதுவாகப் பேசிக் காற்றோட்டமான இடத்தில் உட்காரவையுங்கள்.

மாத்திரையின் கதை இன்னும் கொடியது. டேபெண்டடால் போன்ற வலி மாத்திரைகளைப் பொடித்து, நீரில் கரைத்து, ஊசியால் ஏற்றிக்கொள்கிறார்கள். கரையாத துகள்கள் ரத்தக் குழாய்களை அடைக்கின்றன. ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் தொற்றும். அளவு மீறினால் மூச்சு மெல்ல மெல்ல அடங்கிவிடும். கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, உதடு நீலம் பாய்ந்து, எழுப்பினாலும் எழாமல் குறட்டைபோல மூச்சு இழுத்தால், "தூங்கட்டும், தெளிந்துவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். பிள்ளை என்ன எடுத்தது என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மாற்று மருந்து கொடுப்பதற்கு அது தெரிந்தாக வேண்டும்.

கோபம், தனிமை, இரவில் விழித்திருப்பது எல்லாம் அந்த வயதில் இயல்பானவையே. ஒன்றை மட்டும் வைத்துச் சந்தேகப்பட்டால் பிள்ளை நம்மைவிட்டு விலகிப்போகும். சில வாரங்களுக்குள் பல மாற்றங்கள் சேர்ந்து வந்தால்தான் கவலைப்பட வேண்டும்: மதிப்பெண் சரிவு, பழைய நண்பர்கள் காணாமல் போவது, வீட்டில் பணம் குறைவது, சட்டையில் பெயின்ட் வாடை, வாயைச் சுற்றிப் புண், கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை.

இவற்றைக் கண்டபிறகும் பல குடும்பங்கள் வாய் திறப்பதில்லை. போலீஸ் வரும், பள்ளியில் டி.சி. கொடுத்துவிடுவார்கள், ஊர் பேசும் என்ற அச்சம். சிகிச்சையைத் தள்ளிப்போடவைப்பது இந்த அச்சம்தான். ஆனால் சட்டம் பெற்றோர் பயப்படும் அளவுக்குப் பிள்ளைக்கு எதிராக இல்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பிரிவு 64ஏ-யின்படி, போதைக்கு அடிமையான ஒருவர் தாமாகவே முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், போதைப்பொருளைப் பயன்படுத்திய குற்றத்துக்காகவும் சிறிய அளவு வைத்திருந்ததற்காகவும் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரைப் போலீஸ் லாக்கப்பில் வைக்கவே கூடாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெயரும் படமும் செய்தியாக வருவதும் குற்றம். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. மேல் வகுப்பு மாணவருக்கும் டி.சி. கொடுப்பது தீர்வாகாது என்பது என் உறுதியான கருத்து. பள்ளியை இழந்த பிள்ளைக்கு மிஞ்சுவது போதைக் கூட்டாளிகள்தான்.

சட்டத்தின் கடுமை விற்பவர் மீதுதான். பிள்ளைக்கு மது, புகையிலை, போதைப்பொருள் கொடுத்தால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். பிள்ளைகளைப் பொட்டலம் கடத்தப் பயன்படுத்துவோருக்கும் அதே தண்டனைதான். பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கவே தடை இருக்கிறது.

சிகிச்சைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடுங்கள். தனியார் மறுவாழ்வு மையம் என்றால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ததா என்று முதலில் கேளுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி சிறாரைப் பெரியவர்களோடு சேர்த்துத் தங்கவைக்கக் கூடாது. குடும்பத்தினர் ஒருவரோ பொறுப்பாளரோ கடைசிவரை உடனிருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது சட்டவிரோதம். "பிள்ளையை விட்டுவிட்டுப் போங்கள், மூன்று மாதம் பார்க்க வராதீர்கள்" என்று சொல்லும் இடத்திலிருந்து உடனே திரும்பிவிடுங்கள்.

போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098. உங்கள் பிள்ளையின் பள்ளிக்கருகே போதைப்பொருள் விற்கும் கடை எது என்று தெரிந்தால், இன்றே 10581 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள்.