முரண்படும் சாக்ஷிகள்

கிணறு துளைத்தவுடன் வாயு பீறிட்டெழும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. ஆயிரக்கணக்கான அடி ஆழம் துளைத்த பின்னரும், எந்தப் பாறையில் வாயு இருக்கிறது, எதில் வெறும் உப்புநீர் இருக்கிறது என்பது கண்ணுக்குப் புலப்படாது. கருவிகளைக் கம்பியில் இறக்கி, அவை தரும் அளவுகளைக் கோடுகளாக வரைந்து படித்தே அறிய வேண்டும். 1927-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி பிரான்ஸ் தேசத்துப் பெஷல்பிரான் எண்ணெய் வயலில், ஷ்லும்பர்ஜே சகோதரர்களுக்காக ஹென்ரி டால் என்பவர் மீட்டருக்கு மீட்டர் கருவியை நிறுத்தி மின்தடையை அளந்தார்; கோட்டைக் கையாலேயே வரைந்தார்கள். இவ்வகைப் பதிவுகளில் முதலாவது அதுவே.

உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். எண்ணெயும் வாயுவும் கடத்தா. ஆகையால் மின்தடை மிகுந்த மணற்பாறை சந்தேகத்துக்குரியது. ஆனால் அது எண்ணெயா, வாயுவா? இதைத் தீர்க்க இரண்டு சாக்ஷிகள் உண்டு. ஒரு கருவி காமா கிரணங்களால் பாறையின் அடர்த்தியை அளக்கிறது. மற்றொன்று நியூட்ரான்களைச் செலுத்தி ஹைட்ரஜனை அளக்கிறது. வாயு இலேசானதாகையால், பாறையில் இடைவெளி அதிகமென்கிறது முதற்கருவி. வாயுவில் ஹைட்ரஜன் செறிவு குறைவாகையால், இடைவெளி சொற்பமே என்கிறது இரண்டாவது. நியாயஸ்தலத்தில் நம் சாக்ஷிகள் முரண்பட்டால் வழக்குத் தோற்கும். இங்கோ அந்த முரண்பாடே வாயுவுக்கு ருஜு!

நிற்க. களிமண் கலந்த மணலில் இந்த ருஜு மறைந்துபோகலாம். களிமண்ணில் கட்டுண்ட நீரின் ஹைட்ரஜன் நியூட்ரான் கணக்கை உயர்த்திவிடுகிறது. நமது கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடற் படுகையில் மணலும் களிமண்ணும் ஏடு ஏடாக அடுக்கிக் கிடக்குமிடங்களில், கருவி பல ஏடுகளைச் சேர்த்தே அளப்பதால் மின்தடையும் தாழ்ந்து காணும். அவசரக்காரர் அதை நீரென்று எழுதிவிடுவார். இரும்புக் குழாயும் சிமெண்டும் வந்து மூடிவிடும். மூடப்படுவது தேசத்தின் சொத்து.

1956-ல் எண்ணெய்-இயற்கை வாயுக் கமிஷன் ஏற்பட்டு, 1958-ல் காம்பேயில் எண்ணெய் கண்டது, ஸோவியத் நிபுணர்களின் துணையோடு. அந்நாளில் துணை நாடியது குற்றமன்று. நம் கிணற்றின் கோடுகளை இன்றும் பிறர் படித்துச் சொல்லக் காத்திருப்பதே குற்றம். குழாய் இறக்கிய கிணற்றிலும் இரும்பினூடே நியூட்ரான் கருவியால் வாயுவைத் தேட இயலும். 2017-ல் தொடங்கிய தேசியத் தரவுக் களஞ்சியத்திலுள்ள பழைய பதிவுகளை நமது கல்லூரி மாணவர்களுக்குத் தாராளமாகத் திறந்து கொடுத்து, நீரென்று தள்ளிய ஏடுகளை மறுபடி படிக்கச் செய்யுமாறு சர்க்காரைக் கேட்கிறோம்.